1902 முடிசூட்டு வெள்ளி கிரவுன்: வாங்குமுன் சோதிப்பது எப்படி?

பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஜூன் 26-இல் நடக்க வேண்டியது. குடல்வால் நோய்க்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்ததால், விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டுக்காக அச்சானதுதான் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள வெள்ளி கிரவுன். அவர் ஆட்சியில் வேறெந்த ஆண்டிலும் கிரவுன் வெளிவரவில்லை.

புழக்கத்துக்காக 2,56,020 நாணயங்களும், சேகரிப்பாளர்களுக்காக 'மேட் புரூஃப்' எனப்படும் மங்கல் பூச்சு வகையில் 15,123 நாணயங்களும் அச்சாயின. அரியது இரண்டாவது வகையே.

1. பதக்கமா, நாணயமா?

எட்வர்டின் பக்கத்தில் முடிசூட்டு நாளும், மறுபக்கத்தில் அரசி அலெக்சாண்ட்ராவின் உருவமும் இருந்தால் அது நினைவுப் பதக்கம். கிரவுனில் முடிசூட்டு பற்றி ஒரு சொல்கூட இருக்காது. 1902 என்ற ஆண்டு மட்டுமே இருக்கும்.

2. இரு பக்கங்களையும் பாருங்கள்

முன்பக்கம், வலப்புறம் நோக்கிய மன்னரின் தலை. அதில் மகுடம் இல்லை. கழுத்துக்குக் கீழே செதுக்கியவர் டி சோல்ஸின் சுருக்கொப்பம் பொடியாக இருக்கும். பின்பக்கம், குதிரையேறி டிராகனைக் கொல்லும் புனித ஜார்ஜ். இது பிஸ்ட்ருச்சியின் புகழ்பெற்ற வடிவம்.

3. எடையும் அளவும்

எடை 28.28 கிராம், விட்டம் 38.6 மி.மீ. தேய்ந்த நாணயத்தில் எடை சற்றே குறையலாம். ஒரு கிராம் குறைந்தாலே சந்தேகப்படுங்கள். காந்தத்தில் ஒட்டினால் வாங்கவே வேண்டாம்.

4. விளிம்பு

விளிம்பைச் சுற்றிப் புடைத்த லத்தீன் எழுத்துகளும், இறுதியில் ஆட்சியின் இரண்டாம் ஆண்டைக் குறிக்கும் ரோமன் எண்ணும் இருக்க வேண்டும். எழுத்துகள் மழுங்கியிருந்தாலோ, விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடினாலோ அது அச்சில் வார்த்த போலி.

5. நீர்ச் சோதனை

புழக்க வகைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். மின்தராசில் நீர்க் கிண்ணத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுக்குங்கள். தராசு சுமார் 2.73 கிராம் காட்டினால் 92.5 சதவீத வெள்ளிக்குப் பொருந்துகிறது. வெளியே எடுத்ததும் துணியால் ஒற்றுங்கள்; தேய்க்காதீர்கள்.

6. மங்கல் பூச்சைச் சரிபாருங்கள்

மேட் புரூஃபில் கண்ணாடிப் பளபளப்பு கிடையாது; பரப்பு முழுவதும் ஒரே சீராக, நுண்மணல் படிந்ததுபோல் மங்கலாக இருக்கும். அழுக்கென்று நினைத்துப் பலர் துலக்கிவிட்டதால், கெடாதவை குறைவு. விளக்கைச் சாய்த்துப் பிடித்து உருப்பெருக்கியில் பாருங்கள். மெல்லிய கீறல்கள் தெரிந்தால், விலை பாதிக்குமேல் குறைந்தாலும் வியப்பில்லை.

7. வாங்கிய பிறகு

விளிம்பை மட்டும் பிடியுங்கள். விபூதி, பற்பசை, புளி எதுவும் படக்கூடாது. நகைக்கடையில் உரைகல்லில் உரைக்க விடாதீர்கள். பி.வி.சி. உறையையும் ரப்பர் பேண்டையும் தவிர்த்து, நாணயத்துக்கேற்ற கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில், சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள்.

இதில் உள்ள சுத்த வெள்ளி 26 கிராம்தான். மேட் புரூஃபுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணமெல்லாம் அந்தப் பூச்சுக்கே. எனவே சந்தேகம் தீராவிட்டால் தரச்சான்று பெற்ற நாணயத்தையே வாங்குங்கள்; எக்காரணம் கொண்டும் துலக்காதீர்கள்.