கால் வீக்கமும் பிரஷர் மாத்திரையும்

கேள்வி: பிரஷருக்கு அம்லோடிபின் ஆரம்பித்ததிலிருந்து மாலையானால் கணுக்கால் வீங்குகிறது. நிறுத்திவிடலாமா? மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கும் போடுகிறேன்.
- வாசகி, தேனி

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், பிரஷர் மறுபடி ஏறிவிடும். இந்த மாத்திரை ரத்தக்குழாய்களை விரிப்பதால் சிலருக்குக் கணுக்காலில் நீர் கோத்துக்கொள்ளும். அளவைக் குறைத்தாலோ வேறு மாத்திரைக்கு மாற்றினாலோ பெரும்பாலும் வடிந்துவிடும். அதை டாக்டர் செய்யட்டும். மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ உடனே போங்கள்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் வலி மாத்திரையைப் பற்றித்தான். (மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கியதோ?) டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். வீக்கத்தில் அதற்கும் பங்கிருக்கலாம். டாக்டரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.