சூடு இருக்கிறது, தண்ணீர்?

அன்புள்ள கயல்,

ஆழத்தில் நிலப்பிளவு இருக்கும் இடமாகப் பார்த்துத் துளைபோட்டால் வெந்நீர் கிடைத்துவிடும்தானே என்று கேட்டிருந்தாய். கிடைக்கலாம். ஜெர்மனியின் பவேரியாவில் நடந்ததைக் கேள்.

மியூனிக்கை ஒட்டிய உன்டர்ஹாக்கிங்கில் 2004-இல் சுமார் 3,350 மீட்டர் ஆழத்தில் 122 டிகிரி வெந்நீர் கிடைத்தது, நொடிக்கு 150 லிட்டர் அளவுக்கு. ஊர் வீடுகளுக்குக் குளிர்காலத்தில் கதகதப்பு தருவது அதுதான். அந்த நீரைத் தாங்கி நிற்கும் ஜுராசிக் காலச் சுண்ணாம்பு, டோலமைட் பாறை தெற்கே ஆல்ப்ஸை நெருங்க நெருங்க ஆழமாக இறங்கும், சூடும் ஏறும். அப்படித் தெற்கே இருக்கும் கெரெட்ஸ்ரீட் என்ற ஊரில் 2013-இல் போட்ட துளையில் 150 டிகிரிக்கு மேல் சூடு. தண்ணீர்தான் இல்லை. பக்கத்துத் தோட்டத்து போரில் தண்ணீர் பொங்க, நம் போரில் புகை கிளம்புமே, அந்தக் கதைதான். 2017-இல் அதே கிணற்றிலிருந்து ஒரு கிளை பிரித்து நிலப்பிளவுக்குள் துளைத்தார்கள். நீர் முன்னைவிடக் கூடியது, ஆனால் மின்நிலையம் ஒன்றை நடத்தப் போதவில்லை.

பிளவு என்றதும் திறந்த வாய்க்கால் என்று நினைத்துவிடாதே. பாறை உரசி நகர்ந்ததில் அதன் நடுப்பகுதி அரைபட்டு மாவாகி, நீரை மறிக்கும் சுவராகவே நிற்கக்கூடும். இருபுறமும் நொறுங்கிக் கிடக்கும் பகுதியில்தான் நீர் ஓடும். அங்கும் விரிசல்களில் கால்சைட் படிந்து அடைத்திருக்கலாம். திசையும் முக்கியம்: அந்த வட்டாரத்தில் நிலத்தை நெருக்கும் பெரிய அழுத்தம் ஏறத்தாழ வடக்கு தெற்காக இருக்கிறது. அதே போக்கில் ஓடும் விரிசல் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். குறுக்கே ஓடுவது இறுகிவிடும்.

அதிர்வலை ஆய்வு பிளவு எங்கே என்று காட்டும். மில்லிமீட்டர் அகல விரிசல் திறந்திருக்கிறதா என்பதைக் காட்டாது. கணினித் திரையின் வண்ணப்படத்தைப் பார்த்தே மயங்குகிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம். அதே ஜுராசிக் காலத்துப் பாறை வடக்கே சோல்ன்ஹோஃபன் கல்குவாரிகளில் வெயிலில் கிடக்கிறது. அங்கே வெட்டுமுகத்தில் விரிசலை விரலால் தடவிப் பார்க்கலாம். ஆனால் தலைமேல் இருந்த பாரம் நீங்கியதால் வாய் திறந்த விரிசல்களும் அவற்றில் உண்டு. நான்கு கிலோமீட்டர் கீழேயும் அப்படியே இருக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதே.

கெரெட்ஸ்ரீடில் இப்போது ஈவோர் என்ற கனடா நிறுவனம் இயற்கை நீரைத் தேடாமல், பாறைக்குள் மூடிய வளையமாகத் துளையிட்டு, நீரைச் சுற்றவிட்டுச் சூட்டை மட்டும் எடுக்கும் வழியில் இறங்கியிருக்கிறது. மியூனிக் வட்டாரத்தின் மற்றக் கிணறுகள் இன்னும் பாறையின் நீரையே நம்பி ஓடுகின்றன. இந்தத் துறைக்கு வருவதானால் பாறை இயக்கவியலை முதலில் படி. மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

அன்புடன்,
மாமா