இரண்டாவது கொம்பைலர்

அன்பு மருமகள்,

வந்தாறுமூலையில் நீங்கள் குழுவாகச் செய்யும் ஜாவா வேலையில் பில்ட் முடிய அதிக நேரம் எடுக்கிறது, ஜாவாவோடு வரும் ஜாவாசியை (javac) விட்டு எக்லிப்ஸின் கொம்பைலருக்கு மாறலாமா என்று கேட்டிருந்தாய். மாற்றுவது சுலபம். மேவனில் கொம்பைலர் பிளகினுக்கு எக்லிப்ஸ் என்ற அடையாளத்தைக் கொடுத்து, அதற்குரிய பிளெக்சஸ் நூலகத்தைச் சேர்த்தால் சரி. ஆன்ட் என்றால் ஒரு பண்பை மாற்றி, அந்தக் கொம்பைலரின் ஜார் கோப்பையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார், மகள். பல வேளை அது சோதனைகளிலும் நூலகங்களை இறக்குவதிலுமே கரைகிறது; கொம்பைலரை மாற்றி அதை மீட்க முடியாது. எக்லிப்ஸுக்குள் அந்தக் கொம்பைலர் விரைவாகத் தெரிவதற்குக் காரணம், நீ தொட்ட கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் அது மீண்டும் தொகுப்பதுதான். மேவனுக்குள் போனதும் அந்த வசதி அப்படியே கூட வராது.

வேகத்துக்காகவே மாறிய காலமும் இருந்தது. ஐ.பி.எம். ஆய்வகத்தில் பிலிப் சார்ல்ஸும் டேவ் ஷீல்ட்ஸும் சி++ இல் எழுதிய ஜைக்ஸ் என்ற கொம்பைலர், அன்றைய ஜாவாசியை விட மிக வேகமானது. 1998 டிசம்பரில் அதன் மூலநிரலையும் திறந்து கொடுத்தார்கள். 2004இல் ஜெனரிக்ஸோடு ஜாவா 5 வந்தபோது ஜைக்ஸ் பின்தங்கிவிட்டது. புதிய வசதிகள் தேவைப்பட்டவர்கள் ஜாவாசிக்கே திரும்பினார்கள். கொம்பைலரைத் தெரிவுசெய்யும்போது அதைப் பேண ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

எந்தக் கொம்பைலர் ஆனாலும், நிரலை ஓட்டும் இயந்திரமான ஜே.வி.எம். கிளாஸ் கோப்பை யார் ஆக்கினார்கள் என்று கேட்பதில்லை. விதிப்படி இருக்கிறதா என்றுதான் பார்க்கும். சஞ்சீவ வீரவரணவும் மற்றவர்களும் 2005இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் பாலரினா மொழி, 2019இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து ஜாவா பைட்கோடாகவே தொகுக்கப்படுகிறது. இலங்கையில் வளர்ந்த ஒரு கொம்பைலர் அதே இயந்திரத்துக்கு எழுதுகிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. நேரமிருந்தால் அதன் மூலநிரலைத் திறந்து வாசி.

ஜாவா மொழிக்கு அதிகாரம் அதன் விவரக்குறிப்பு. ஜாவாசி, எக்லிப்ஸின் கொம்பைலர் இரண்டும் அதை வாசித்து எழுதப்பட்டவைதான். என்றாலும் ஜெனரிக்ஸில் வகையை ஊகிக்கும் சிக்கலான இடங்களில் ஒன்று ஏற்பதை மற்றது மறுப்பதுண்டு. அங்கே எது சரி என்று விவரக்குறிப்பில் தேடிப் பார். ஒரு பாடநூல் முழுவதும் தராத அறிவு அந்தத் தேடலில் கிடைக்கும். எர்ரர் புரோன் போன்ற பிழை தேடும் கருவிகள் ஜாவாசியோடு மட்டுமே இயங்கும் என்பதையும் மறந்துவிடாதே. எக்லிப்ஸுக்குள் பிழையுள்ள மெத்தடையும் தொகுத்து ஓடவிடலாம்; அந்த மெத்தட் அழைக்கப்படும்போதுதான் பிழை வெடிக்கும். அப்படிப்பட்ட கிளாஸ் கோப்பு எதுவும் வெளியீட்டுக்குள் போகக்கூடாது.

அதனால் நான் செய்யச் சொல்வது இது: வெளியீட்டை ஜாவாசியிலேயே, குழுவில் எல்லாரும் ஒரே பதிப்பில், கட்டுங்கள். எக்லிப்ஸின் கொம்பைலரை மேவனில் தனி புரொஃபைலாக வைத்து, இரவில் ஒருமுறை ஓடவிடுங்கள். நல் (null) மதிப்புகளைப் பற்றியும் பயன்படாத மாறிகளைப் பற்றியும் அது தரும் எச்சரிக்கைகளை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா