பொதுச்சுவர்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கட்கு இன்றியமையாதன. கோட்டையையும் மாளிகையையும் கண்டு வியப்போர் பலர். எளியோர் இல்லத்தின் அமைப்பை உற்று நோக்குவோர் சிலரே. அவ்வமைப்பிலும் அறிவும் அறமும் பொதிந்து கிடக்கின்றன.

கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பழந்தெருக்களில், ஒன்றோடொன்று ஒட்டிய ஓட்டு வீடுகளை இன்றும் ஆங்காங்கே காணலாம். ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டிற்கும் சுவராகும். அதனால் செங்கல்லும் நிலமும் மிஞ்சும். சுவரில் வெயில் படாமையால் வெம்மையும் குறையும்.

தெருவை ஒட்டி, வழிப்போக்கரும் இளைப்பாறும் திண்ணை உண்டு. வாயிலைக் கடந்தால் குறுகிய நடை. இதனை ரேழி என்றும் வழங்குவர். அதனை அடுத்துக் கூடமும், வானம் நோக்கிய முற்றமும் உள்ளன. பக்கச்சுவரில் பலகணி வைக்க இயலாத வீட்டிற்கு முற்றமே கண்ணாகவும் மூக்காகவும் அமைந்தது. ஒளி அதன் வழியே இறங்கும். சூடேறிய காற்று அதன் வழியே மேலெழுந்து வெளியேற, புதிய காற்று நடைவழியே உட்புகும். கூரையிலிருந்து முற்றத்தில் வீழும் மழைநீர் வடிகால் வழியே வெளியேறும். பின்புறம் அடுக்களையும், கிணற்றோடு கூடிய கொல்லையும் இருக்கும்.

இத்தகைய தொடர்வீடு தமிழகத்திற்கே உரியதன்று. விக்டோரியா அரசியார் காலத்தில் (1837–1901) இங்கிலாந்தின் தொழில் நகரங்களில், தொழிலாளர்க்கெனத் தொடர்வீடுகள் மிகப் பல எழுந்தன. அங்கும் பொதுச்சுவர் உண்டு. ஆயின் நம் நாட்டு முற்றம் இல்லை. குளிர்நாடாதலின் அறைகளில் கணப்படுப்பு அமைந்தது. அதன் புகைபோக்கி பொதுச்சுவரை ஒட்டிக் கூரைக்கு மேல் உயர்ந்தது. முன்னும் பின்னும் உள்ள பலகணிகளே ஒளி தந்தன. பலகணிக்கு விதித்திருந்த வரி 1851இல் நீக்கப்பட்டது. தெருவின் அகலம், காற்றோட்டம், கழிவுநீர் வடிகால் ஆகியவை பற்றி விதி வகுக்கும் உரிமையை 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் உள்ளூர் ஆட்சி மன்றங்களுக்கு அளித்தது. தட்பவெப்பம் வேறாயினும், ஒட்டி வாழ்வோர்க்கு ஒளியும் காற்றும் வேண்டும் என்பது எந்நாட்டிற்கும் பொதுவன்றோ?

ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த அரியலூர் நிலத்தின் சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகின்றது. 1979இல் அங்கே அரசு சிமெண்டு ஆலையும் தோன்றியது. பழைய ஓட்டு வீடுகள் மறைந்து மாடி வீடுகள் எழுகின்றன. அது குற்றமன்று. ஆயின், முகட்டு விட்டத்தின் இரு தலைகளும் பொதுச்சுவர்களின் மேல் அமர்ந்துள்ளமையை மறத்தலாகாது. ஒருவர் தம் வீட்டை இடிக்குங்கால் முட்டுக் கொடாது சுவரை அசைத்தால் அயல்வீட்டுக் கூரை தளரும். மறைப்பின்றி நிற்கும் மண்சுவரில் மழைநீர் ஊறும். முற்றத்தை முழுதும் மூடினால் நடுவறைகள் பகலிலும் விளக்கை நாடும். ஆகவே அயலாரைக் கலந்து, சுவருக்கு முட்டுக் கொடுத்து, ஒளிக்கு வழிவிட்டுக் கட்டுதலே முறையாகும். தன் கூரையைத் தாங்கும் சுவர் தனக்கு மட்டும் உரியதன்று என உணர்ந்து வாழ்தலே நல்ல அயன்மையாம்.