ஓசி பஸ்ஸின் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"பொம்பளைங்களுக்கு ஓசியில பஸ் விட்டா நாடு எப்படி உருப்படும்?" என்று தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் யாரோ அலுத்துக்கொண்டதைக் கேட்டுவிட்டு, அது சரிதானா என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம். சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் சாப்பாட்டுப் பையோடு ஜி.எஸ்.டி. சாலைக்கு வரும் பெண்களைக் கவனி. காலியாக வரும் டீலக்ஸ் பஸ்ஸை விட்டுவிட்டு, முகப்பில் பிங்க் பூசிய பஸ்ஸுக்கு நிற்பார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

ஒரு தடவைக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள். போக வர 30, மாதம் 26 நாளைக்கு 780. மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாவது தெரியவந்தது. பத்தாயிரம் சம்பளம் வாங்குபவருக்கு இந்த 888 ரூபாய் இரண்டு நாள் கூலிக்கும் மேல். ஓ.எம்.ஆரில் லட்ச ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கோ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான வேலை. தூரம் ஒன்றுதான், அதன் விலை ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏற்றத்தாழ்வு என்று பொருளியல் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதில் பாதி இதற்குள் இருக்கிறது.

மிச்சப் பணத்தைவிடப் பெரிய விஷயம் வேறு. வீட்டுக்குப் பக்கத்துத் தையல் கடையில் ஏழாயிரம், பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனியில் எட்டாயிரம் என்றால், பஸ் காசு போக இரண்டாவதில் என்ன நிற்கும்? பக்கத்துக் கடையே போதும் என்று கைத்திறன் உள்ளவரும் தங்கிவிடுவார். டிக்கெட் செலவு இல்லையென்றால் திறமைக்கேற்ற வேலையைத் தேடிப் போகலாம். முதலாளிக்கும் நல்ல ஆள் கிடைக்கும். உற்பத்தித்திறன் கூடுவது புது மெஷினால் மட்டுமல்ல.

வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலான இந்தத் தூரத்தை வைத்து 1968-இல் ஜான் கெய்ன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் சிகாகோவையும் டெட்ராய்ட்டையும் ஆராய்ந்தார். வேலைகள் புறநகருக்கு நகர, கறுப்பின மக்கள் வீடு கிடைக்காமல் நகருக்குள்ளேயே அடைபட்டு வேலையிழப்பதைக் காட்டினார். சென்னையில் இது தலைகீழ். வேலை நகரில் இருக்க, ஏழைகளைத்தான் வெளியே அனுப்பினோம். கண்ணகி நகர், பிறகு பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவரை நடந்தே வீட்டு வேலைக்குப் போனவர்கள், பல கிலோமீட்டருக்கு அப்பால் அடுக்குமாடியில் குடியேற்றப்பட்டார்கள். வீடு கிடைத்தது; பலருக்கு வேலை போனது. அவர்களுக்கு இந்த பஸ் சலுகை என்பதைவிட, பட்ட கடனில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தருவது என்பதே சரி.

ஓசி என்று முனகுபவர் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. டிக்கெட் காசைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுகட்டுகிறது; அது வரிப்பணம். ஆனால் அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பஸ் நேரத்துக்கு வருகிறதா? முக்கால் மணி நேரம் காக்கவைக்கும் பஸ் இலவசமே அல்ல. தாமதமாகப் போனால் கம்பெனியில் சம்பளம் வெட்டு, வீட்டு வேலையில் ஏச்சு. கட்டணத்தை எடுத்ததோடு நிறுத்தாமல், காலை ஆறு முதல் ஒன்பது வரை வண்டிகளைக் கூட்டியிருந்தால் இத்திட்டம் இன்னும் பலன் தந்திருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் ஒரு மணி நேரம் நில். பிங்க் பஸ் எத்தனை, டீலக்ஸ் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறித்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்