யோர்தான் துறையும் உலாவியின் பெயரும்

நியாயாதிபதிகளின் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தை ஓதியோர், யோர்தான் துறையில் நிகழ்ந்த சோதனையை அறிவர். கடக்க வந்தவனைக் கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லுமாறு பணித்தனர். எப்பிராயீமியர் நாவிற்கு அவ்வொலி வாராமையின் 'சிபோலேத்' என்றனர். அவ்வோர் எழுத்தினால் உயிரிழந்தனர். அதனை ஒத்ததொரு சோதனை இக்காலத்து அலுவலகக் காணொளிக் கூட்டங்களின் வாயிலிலும் உண்டு.

அண்மையில் எம் தமையனார் ஓர் அலுவலகத்தின் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பெற்றார். குறித்த நேரத்தில் பயர்பாக்ஸ் உலாவியில் அழைப்பைத் திறந்தார். 'இவ்வுலாவி ஏற்புடையதன்று' என்னும் வரி தோன்றியதேயன்றி வாயில் திறக்கவில்லை. வேறோர் உலாவியை இறக்கி நிறுவுவதற்குள் இருபது நிமிடங்கள் கழிந்தன; தேர்வாளர் எழுந்து சென்றுவிட்டனர். குறை எங்குள்ளது என்பதை ஆராய்வோம்.

உலாவியின் வழியே முகத்தையும் குரலையும் அனுப்புதற்கு முன்னாளில் தனியானதொரு துணை மென்பொருள் வேண்டியிருந்தது. அத்தொல்லை நீங்குமாறு கூகிள் நிறுவனத்தார் 2011-ஆம் ஆண்டில் வெப்ஆர்டிசி என்னும் முறையை யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டனர். 2013-இல் குரோமும் பயர்பாக்ஸும் அம்முறையால் ஒன்றோடொன்று உரையாடின. அசைபடத்தைச் சுருக்கி அனுப்புதற்கு வி.பி.8 தக்கதோ, எச்.264 தக்கதோ என்னும் வழக்கு நீண்டது. உலாவிகள் இரண்டனையும் அறிந்திருத்தல் வேண்டும் என 2014-இல் உடன்பாடு பிறந்தது. 2017-இல் சபாரியும் இம்முறையை ஏற்றது. 2021 ஜனவரியில் டபிள்யூ3சி என்னும் அவை இதனைப் பொதுநெறியாக அறிவித்தது. எனவே இலக்கணம் பொதுவாயிற்று.

பின்னும் தடை ஏன்? உலாவி ஒவ்வொன்றும் தளத்தை அணுகும்போது ஒரு பெயர் வரியைக் கூறும். மென்பொருள் இயற்றுவோர் சிலர் ஓர் உலாவியில் மட்டும் சோதித்துவிட்டு, பிற பெயர் கூறுவனவற்றை வாயிலிலேயே தடுத்துவிடுகின்றனர். படம் உறைந்தால் பழி தமக்கே வரும் என்னும் அச்சமும் அவர்க்கு உண்டு. அதனை முற்றும் மறுத்தல் இயலாது. ஆயினும் பெயர்ச் சோதனை பொய்யையே வளர்க்கின்றது. 1990-களில் 'மொசில்லா' என்று கூறிய நெட்ஸ்கேப்புக்கே சில தளங்கள் சிறந்த பக்கங்களை அளித்தன. ஆதலின் இண்டர்நெட் எக்ஸ்புளோரரும் தன்னை மொசில்லா என்றது. இன்று குரோமின் பெயர் வரியிலும் மொசில்லா, சபாரி என்னும் பெயர்கள் உள. எப்பிராயீமியன் 'ஷி' கற்றுக்கொண்டான் போலும்!

தமையனார் மறுநாள், பயர்பாக்ஸ் தன்னைக் குரோம் என்று கூறுமாறு மாற்றி, அதே மென்பொருளில் நண்பரொருவருடன் கூடிப் பார்த்தார். வாயில் திறந்தது; படமும் ஒலியும் பழுதின்றி வந்தன. பெயரன்றி வேறொன்றும் மாறவில்லை.

செய்யத்தக்கது எளிது. பெயரை வினவாது, 'கேமராவைத் திறக்கும் ஆற்றல் உண்டா? ஒலியை அனுப்பும் ஆற்றல் உண்டா?' என்று உலாவியையே வினவலாம். ஐயமுளதாயின் எச்சரித்து உள்ளே விடலாம். ஆற்றல் இல்லையாயின் தொலைபேசி வழியேனும் பேச இடமளிக்கலாம். நம் கல்லூரியிற் கணினி பயிலும் நண்பர்கள் நாளை இத்தகைய வாயில்களை அமைப்பர். அப்பொழுது வெளியே காத்து நிற்பவனை அவர்கள் ஒருகணம் நினைப்பாராக.