யூபிஎஸ் சார்ஜ் ஏறவில்லையா?

டைப் செய்து கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. யூபிஎஸ் ஒரு முறை ‘பீப்’ என்று கத்திவிட்டு அணைந்து விடுகிறது. கூடவே கம்ப்யூட்டரும், சேமிக்காத உங்கள் ஃபைலும்!

உடனே புது பேட்டரி வாங்கத் தோன்றும். நானும் வாங்கினேன். இரண்டே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. கெட்டுப் போயிருந்தது யூபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் சார்ஜர். காரில் ஆல்டர்னேட்டர் கெட்டிருக்க, பேட்டரியை மாற்றுவது போன்ற கதைதான். எனவே குறை எதில் என்று முதலில் பார்த்து விடுங்கள். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

வீட்டு 600 விஏ யூபிஎஸ்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கும். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, யூபிஎஸ்ஸை ஆஃப் செய்து, பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். பிளக்கைப் பிடுங்கினாலும், பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை யூபிஎஸ் 230 வோல்ட் தரக்கூடியது. மறக்க வேண்டாம். பேட்டரிக்குத் தனி மூடி இருந்தால் மட்டும் நீங்களே கழற்றலாம். முழுப் பெட்டியையும் திறக்க வேண்டியிருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள். சிவப்பு ஒயர் எந்த முனையில் இருந்தது என்று குறித்துக் கொள்ளுங்கள். முனைகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தாலோ, ஒயர் தளர்ந்திருந்தாலோ குறை அங்கேயே இருக்கலாம்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்து எழுதி வையுங்கள். பேட்டரியை மாட்டி, இரவு முழுக்க சார்ஜ் ஏற விடுங்கள். காலையில் முன்போலவே கழற்றி, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கவும். 12.8 வோல்ட்டுக்கு அருகில் வந்திருந்தால் சார்ஜர் வேலை செய்கிறது. ஏறவே இல்லையா? பேட்டரிக் கடையில் தனியாக சார்ஜ் போடச் சொல்லுங்கள். அங்கே ஏறினால் குறை யூபிஎஸ்ஸில். அங்கும் ஏறாவிட்டால் பேட்டரி முடிந்தது. 10.5 வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே உள்ள ஆறு செல்களில் ஒன்று போயிருக்கும்.

12.8 காட்டியும் யூபிஎஸ் தாங்கவில்லை என்றால் கார் இண்டிகேட்டரின் 12 வோல்ட், 21 வாட் பல்பை பேட்டரியில் இணைத்துப் பாருங்கள் (பல்பு சுடும், ஜாக்கிரதை). நல்ல பேட்டரி பத்து நிமிடம் ஆனாலும் 12 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். சில நிமிடத்தில் 11க்குக் கீழே இறங்கினால் மாற்ற வேண்டியதுதான். நம் ஊர் வெயிலில் இரண்டு, மூன்று வருடம் உழைத்தாலே பெரிது. பழையதை குப்பையில் போடாதீர்கள். உள்ளே ஈயம் இருக்கிறது, கடையில் கொடுத்தால் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள்.

குறை சார்ஜரில் என்றால் யூபிஎஸ்ஸை ரிப்பேருக்குக் கொடுங்கள். திரும்பி வரும்வரை பேட்டரியை காலியாகப் போட்டு வைக்காமல், சார்ஜ் ஏற்றியே வையுங்கள். காலியாகக் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டியாகப் படிந்து விடும். என் புது பேட்டரி போனது அப்படித்தான்.